வேட்டிக்கும் பேன்ட்டுக்கும் ஒத்து வர்ற பெல்ட், ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) எதுங்க? லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க சொல்லுங்க

கொழிஞ்சாம்பாறை மில்லுக்காரர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நமக்கு பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம், அரிசி மில்லும் கூடவே தேங்கா யாவாரமும். வசூல் பணத்தோட ராத்திரில தனியா வர்ற வேலை அடிக்கடி வருதுங்க, அதுக்காகவே முறையா லைசென்ஸ் எடுத்து கான்பூர் .32 ரிவால்வர் வாங்கியாச்சு, பயிற்சியும் முடிச்சாச்சு. இப்ப பிரச்சினை துப்பாக்கியில்லீங்க, அதை காலைலருந்து ராத்திரி வரைக்கும் இடுப்புல சுமக்கறதுதான்.

வாங்குன கடையில ரெக்சின்ல ஒரு உறை கொடுத்தாங்க, பட்டன் வெச்சது. அதை சாதாரண பெல்ட்டுல கோத்துப் போட்டா மத்தியானத்துக்குள்ள பேன்ட்டு ஒரு பக்கமா சரிஞ்சுருது, மேல இழுத்து இழுத்து விட்டுட்டே இருக்க வேண்டியிருக்குது, உறை வெளிப்பக்கமா சாஞ்சு சட்டையில புடி துருத்திட்டு நிக்குது. பெல்ட்டை இறுக்குனா இடுப்பெலும்புல அமுத்தி செவந்து போகுது. கார்ல உக்கார்ந்தா விலாவுல குத்து.

வீடியோ பாத்தா அமெரிக்காக்காரங்க எல்லாம் பேன்ட்டுக்குள்ள வெக்கறாங்க, சில பேரு தொப்புளுக்குப் பக்கத்துல முன்னாடியே வெக்கறாங்க, அது நம்ம வேர்வைக்கும் நம்ம உடுப்புக்கும் சரிப்படுமாங்க? லெதர் நல்லதா, அந்த கைடெக்ஸ்ங்கற பிளாஸ்டிக் நல்லதா? நான் பாதி நாளு வேட்டிதானுங்க, மேல பச்சை பெல்ட்டு போடற பழக்கம், அதுல கோத்துக்கலாமா? மில்லுல தவுட்டுத் தூசி வேற. வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க, அதையும் மனசுல வெச்சு சொல்லுங்க.

குடியாத்தம் எக்ஸ் ஹவில்தார்:

மில்லுக்காரரே, வணக்கம். பட்டாளத்துல இருந்து வந்தப்புறம் பேங்க் பணம் ஏத்தற வண்டில காவலுக்குப் போறவன் நான், பலமநேர் ரோடு, சித்தூர் ரோடுன்னு நாள் பூரா இடுப்புல வச்சிக்கினு உக்காந்து பழக்கம், அதனால சொல்றேன். எல்லாரும் முதல்ல ஹோல்ஸ்டர் எதுன்னு தேடுறாங்க, அது தலைகீழ். முதல்ல பெல்ட். உங்களுக்கு வர்ற தொல்லை அத்தனையும், பேன்ட் சரியறது, புடி வெளிய சாயறது, எலும்புல அமுத்தறது, எல்லாமே பெல்ட் தொள தொளன்னு இருக்கறதால வர்றது. ரிவால்வர் காலியா ஏறக்குறைய 700 கிராம், ஆறு தோட்டாவும் உறையும் சேந்தா அதுக்கு மேல. அந்த வெயிட் முழுக்க பெல்ட்டுல நாலு விரக்கடை இடத்துல தொங்குது. நல்ல பெல்ட்டா இருந்தா அதை இடுப்பு சுத்தி பிரிச்சி வாங்கிக்கும், மெலிசு பெல்ட்டா இருந்தா அந்த இடத்துல மட்டும் மடங்கி சாயும். சாயுதேன்னு நீங்க இறுக்குறீங்க, இறுக்குனா வலிக்குது. கெட்டி பெல்ட்டுல இறுக்கவே வேணாம்.

கடைல எப்படி பாக்கறதுன்னா, பெல்ட்டை ரெண்டு கையில ஒரு சாண் இடைவெளி விட்டு புடிச்சி துணி பிழியற மாதிரி முறுக்குங்க. சுலபமா முறுக்கிக்கிச்சுன்னா வச்சிட்டு வந்துடுங்க. அகலம் ஒன்றரை இஞ்ச், அதாவது 38 மில்லிமீட்டர், அதான் பெரும்பாலான ஹோல்ஸ்டர் காதுக்கு, பெல்ட் கோக்கற ஓட்டைக்கு, அளவு. ஹோல்ஸ்டர் காதும் அதே அளவா இருக்கணும், ரெண்டு இஞ்ச் காதுல ஒன்றரை இஞ்ச் பெல்ட் விட்டா முன்னயும் பின்னயும் ஆடும். ஓட்டைங்க ஒரு இஞ்சுக்கு ஒண்ணா இல்லாம நெருக்கமா இருக்கறதா பாருங்க, சாப்பிட்டா இடுப்பு மாறும், உக்காந்தா மாறும். பெல்ட் அளவு எடுக்கறப்ப துப்பாக்கியோட சேத்து எடுங்க.

இடம்னு பாத்தா கடிகாரம் மாதிரி வச்சிக்கங்க, தொப்புள் 12, வலது இடுப்பு எலும்பு 3, நடு முதுகு 6. வலக்கைக்காரருக்கு 3க்கு கொஞ்சம் பின்னாடி, மூணரை நாலு. எலும்பு மேலயே வச்சா செவக்கும், அதுக்குப் பின்னாடி ஒரு பள்ளம் இருக்கு பாருங்க அங்க உக்காரணும். உறை லேசா முன்பக்கம் சாஞ்சிருக்கணும், பத்து பதினஞ்சு டிகிரி, அப்பதான் புடி சட்டையைத் தூக்காது. நடு முதுகுல மட்டும் வைக்காதீங்க, சினிமால பாக்க நல்லா இருக்கும், பைக்ல இருந்து மல்லாக்க விழுந்தா தண்டுவடத்துக்கு அடியில இரும்பு கிடக்கும்.

முன்னாடி வைக்கறது வேணாம். ரிவால்வருக்கு சிலிண்டர், அதான் தோட்டா போடற உருளை, தடிமன், வயித்துல அமுத்தும், குனிஞ்சா குழல் எங்க பாக்குதுன்னு நெனச்சிப் பாருங்க. பேன்ட்டுக்குள்ள வைக்கறது மறைக்க நல்லது, ஆனா பேன்ட் இடுப்பு ரெண்டு இஞ்ச் பெருசா தைக்கணும், நம்ம வெயில்ல தோலோட ஒட்டிக்கினு வேர்வை நேரா இரும்புக்கு. நாள் பூரா போடறவருக்கு வெளிப்பக்கம் ஒட்டி நிக்கற உறைதான் என் ஓட்டு.

இன்னொண்ணு, இதை எழுதாம விட முடியல. 2016 ஆயுத விதிகள்ல 32ஆவது விதி பொது இடத்துல எடுத்துக்கினு போறதைப் பத்தி. கைத்துப்பாக்கின்னா அதுக்குன்னு செஞ்ச உறைல உடம்போட மாட்டி இருக்கணும், இல்லன்னா முதுகுப்பை மாதிரி ஒண்ணுல இருக்கணும், முழுசா மூடி இருக்கணும், உங்க கட்டுப்பாட்டுல இருக்கணும். அதனால நமக்கு மறைச்சி வைக்கறதுங்கறது விருப்பம் இல்ல, சட்டமே அதான். பைக்ல போறப்ப காத்துல சட்டை தூக்கி புடி தெரிஞ்சா, பாக்கறவன் பயப்படறது ஒரு பக்கம், விதியையும் மீறினதாயிடும். நேரா வெட்டுன, கனமான பருத்தி சட்டை, உறையோட அடியைத் தாண்டி ரெண்டு இஞ்சாவது தொங்கணும். மெலிசு வெள்ளை சட்டை உதவாது.

பேர்ணாம்பட்டு தோல் பட்டறை:

ஹவில்தார் ஐயா சொன்னது முழுக்க சரி, நான் தோல் பக்கம் மட்டும் சொல்றேன், எங்க குடும்பமே இந்தத் தொழில்தான்.

அண்ணே, கடையில ஒரிஜினல் லெதர்னு விக்கிற பெல்ட்டுல நெறைய பெல்ட்டு மேல ஒரு மெலிசு தோலு கீழ ஒரு மெலிசு தோலு, நடுவுல அட்டையோ நாரோ வச்சு ஒட்டுனதுதான். புதுசுல விறைப்பா இருக்கும், நீங்க முறுக்கிப் பாத்தா கூட தேறிடும், ஆனா துப்பாக்கி தொங்கவிட்டா ஓட்டை பக்கத்துல அட்டை மடிஞ்சு ஒடையும், அப்புறம் அது பெல்ட்டே இல்ல. ஓரத்தைப் பாருங்க. ஓரம் பெயின்ட்டு அடிச்சு மூடியிருந்தா ஓட்டை வழியாப் பாருங்க, உள்ள நாரு நாரா ஒரே தோலாத் தெரியணும், காகிதம் மாதிரி அடுக்கு தெரிஞ்சா வேணாம்.

தோலுல ரெண்டு வகை பதம். ஒண்ணு குரோம், அதாவது குரோமியம் உப்புல பதம் பண்றது, செருப்பு மேல்தோலு, பேக்கு, ஜாக்கெட்டு எல்லாம் பெரும்பாலும் அதுதான், மெத்துனு இருக்கும் தண்ணி பட்டாலும் தாங்கும். இன்னொண்ணு பட்டைத் தோலு, ஆவாரம்பட்டை, வாட்டில், கடுக்கா இதுல பதம் பண்றது, நம்ம மெட்ராஸ் பக்கத்துலருந்து ஈஸ்ட் இந்தியா தோலுன்னு வெளிநாட்டுக்கெல்லாம் போனது இந்த வகைதான். ஹோல்ஸ்டருக்கும் பெல்ட்டுக்கும் பட்டைத் தோலுதான் வேணும், கண்டிப்பா. ரெண்டு காரணம். பட்டைத் தோலை நனைச்சு துப்பாக்கி மேல வச்சு அமுத்தி காய விட்டா அந்த வடிவத்துலயே கெட்டியாயிடும், சிலிண்டர் எங்க, ட்ரிகர் கார்டு (விசையைச் சுத்தின வளையம்) எங்கனு அச்சு மாதிரி புடிச்சுக்கும், குரோம் தோலு அப்படி நிக்காது. ரெண்டாவது, குரோம் தோலுல மிஞ்சி நிக்கிற உப்பு வேர்வையோட சேந்தா இரும்பைத் தின்னும். நல்ல ப்ளூயிங் (துரு புடிக்காம இருக்க இரும்புக்குப் போடுற கருநீலப் பூச்சு) போட்ட துப்பாக்கியை மெத்துனு இருக்கிற உறையில வச்சு மழைக்காலம் பூரா விட்டவங்க கிட்ட கேட்டுப் பாருங்க.

தடிமன்: ஹோல்ஸ்டருக்கு மூணுலருந்து மூணரை மில்லிமீட்டர். பெல்ட்டுக்கு ரெண்டு தோலு முதுகோட முதுகு ஒட்டி ஓரத்துல ரெண்டு வரி தையல் போட்டு மொத்தம் அஞ்சரை ஆறு மில்லிமீட்டர் வந்தா போதும். எருமைத் தோலுல தடிமன் சுலபமா கெடைக்கும். ஊர்ல நல்ல செருப்பு தைக்கிறவர், குதிரைக்கு சேணம் தைக்கிறவர் யாராவது இருந்தா இதைச் சொல்லி செய்யச் சொல்லலாம், கஷ்டமான வேலை இல்ல.

ஹோல்ஸ்டர்ல நாலு விஷயம் பாக்காம காசு கொடுக்காதீங்க. ட்ரிகர் முழுசா மூடியிருக்கணும், வெளியிலருந்து ஒரு விரலோ சாவியோ உள்ள போற இடம் இருக்கக் கூடாது. வாய் பக்கம் கெட்டியா, ஒரு தகடு வச்சோ இன்னொரு தோலு தச்சோ திறந்தே நிக்கணும், துப்பாக்கி எடுத்ததும் வாய் சப்பையா மூடிக்கிட்டா திருப்பி வைக்க இடது கையால பிரிக்க வேண்டி வரும், அப்ப குழலு உங்க கைக்கு நேரா இருக்கும். ஹேமர், அதாவது பின்னாடி இருக்கிற சுத்தி, அது மேல ஒரு பட்டி, கட்டை விரலால தள்ளினா திறக்குறது. கடைசியா உடம்பு பக்கம் தோலு கொஞ்சம் உயரமா, வேர்வை இரும்புல படாம. நீங்க சொல்ற ரெக்சின் உறையில இதுல ஒண்ணு கூட இருக்காது.

வடிவத்துக்கு 'பேன்கேக்'னு ஒண்ணு உண்டு, ரெண்டு தோலை சேத்து தச்சு ரெண்டு பக்கமும் அகலமா பெல்ட்டு ஓட்டை விட்டது. ஓட்டைங்க தள்ளித் தள்ளி இருக்கிறதால பெல்ட்டு போடும்போது உறையை உடம்போட வளைச்சு இழுத்துக்கும். பேன்ட்டு காது ஒண்ணை அந்த ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல வர்ற மாதிரி கோத்துட்டீங்கன்னா நாள் பூரா நகராது.

வாளையார் ஃபைனான்ஸ்:

மில்லுக்காரரண்ணா, முதல்ல ஒரு கேள்விங்க. லைசென்ஸ் புக்குல ஏரியா வேலிடிட்டி என்ன போட்டிருக்குது? நம்ம பக்கத்துல இது ரொம்ப முக்கியமுங்க. நமக்கு ஒரு ரோட்டுல போனா பத்து நிமிஷத்துல தமிழ்நாடு வந்துரும், வேலந்தாவளம், கோபாலபுரம், நடுப்புணி, மீனாட்சிபுரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் செக்போஸ்ட்தான். சொந்தக்காரங்க அந்தப் பக்கம், சந்தை அந்தப் பக்கம், நமக்கு எல்லையே தோணாது. ஆனா கேரளா மட்டும்னு போட்டிருந்தா பொள்ளாச்சிக்கு இடுப்புல கட்டிட்டு போறது லைசென்ஸே இல்லாம கொண்டு போற மாதிரிதான், எவ்வளவு நல்ல ஹோல்ஸ்டரா இருந்தாலும் சரி. லைசென்ஸ் கொடுத்த ஆபீஸ்லயே ஏரியாவைக் கூட்டித் தரச் சொல்லி காரணம் காட்டி மனு கொடுக்கலாம், கிடைக்கற வரைக்கும் அந்தப் பக்கம் போற நாள்ல வீட்டு லாக்கர்ல இருக்கட்டும். புக்கு எப்பவும் கூடவே இருக்கணுமுங்க.

கார் விஷயம். அமெரிக்கா வீடியோல சீட் பெல்ட் பத்தி சொல்றதை அப்படியே எடுக்காதீங்க. அங்க டிரைவர் இடது பக்கம், சீட் பெல்ட் லாக்கு அவங்க வலது இடுப்புல வந்து விழுகும், அதனாலதான் அவங்க அந்த லாக்கோட மல்லுக்கட்டறாங்க. நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம், லாக்கு இடது இடுப்புல, வலது பக்கம் ஹோல்ஸ்டர் கதவு பக்கமா ஃப்ரீயா இருக்கும். அப்புறம் நீங்க பக்கத்து சீட்டுல உக்காந்து டிரைவர் ஓட்டினா கதை மாறிரும், லாக்கு சரியா ஹோல்ஸ்டர் மேல வரும், அப்ப சட்டையை லாக்குக்கு வெளிய எடுத்து விட்டுக்கோங்க. உக்காரும்போது விலாவுல குத்தறது உறை ரொம்ப உயரமா இருக்கறதாலதான், அரை இஞ்ச் கீழ இறங்கற மாதிரி பாத்து வாங்குங்க. சீட்டுக்கு அடியில, டேஷ்போர்டுல எல்லாம் வெச்சுட்டு டீ குடிக்க இறங்கறது கூடவே கூடாது.

கைடெக்ஸ் பத்தி: விமானத்துக்குள்ள அடிக்கற ஷீட்டா 1960கள்ல வந்த பிளாஸ்டிக்குங்க அது, சூடு பண்ணி அச்சுல அமுத்தி எடுக்கறாங்க. வேர்வை குடிக்காது, தண்ணில கழுவலாம், வாய் எப்பவும் திறந்தே நிக்கும், மழைக்காலத்துக்கு அருமை. ஆனா அந்தந்த மாடலுக்குன்னு அச்சு வேணும், வெளிநாட்டு பிஸ்டலுக்கு நூறு விதமா கிடைக்கும், கான்பூர் .32க்கு ரெடிமேடா கிடைக்கறது கஷ்டமுங்க. வேற ரிவால்வருக்கு செஞ்சதுல ஏறக்குறைய பொருந்துதுன்னு வாங்காதீங்க, ஏறக்குறைய பொருந்தற உறையில ட்ரிகர் எங்க நிக்கும்னு யாருக்கும் தெரியாது. அப்புறம் தூசி. கைடெக்ஸ்ல தவுட்டுத் தூசி மாட்டினா துப்பாக்கி பாலிஷை அரம் மாதிரி தேய்ச்சுரும், ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஊதிக் கழுவணும்.

குப்பம் தோட்டக்காரம்மா:

அண்ணா எல்லாரும் பேன்ட்டு சட்டை போடறவங்களுக்கே சொல்றீங்க. நானும் லைசென்ஸ் வெச்சிருக்கேன், தோட்டத்துல இருந்து பணம் எடுத்துகிட்டு நான்தான் வரணும். என்கிட்ட இருக்கிறது நிர்பீக் ரிவால்வர், 2014ல பெண்களுக்குன்னு விளம்பரம் பண்ணி கான்பூர்ல இருந்து வந்துச்சே அது, அரை கிலோ சொச்சம்தான். புடவையில பெல்ட்டு எங்க கட்டறது? அதனால நான் குறுக்குல போடற தோல் பை வெச்சிருக்கேன், உள்ள துப்பாக்கிக்குன்னு தனி அறை, அதுக்குள்ள கெட்டி உறை தச்சது, அந்த அறையில வேற ஒரு சாமானும் போட மாட்டேன், பேனா கூட. சுடிதார் போடற நாள்ல இடுப்புல சுத்தற எலாஸ்டிக் பட்டை. எலாஸ்டிக் மட்டும் போதாது, ட்ரிகர் மேல கெட்டியா ஒரு மூடி தச்சிருக்கணும். வேட்டிக்கும் இது ஒத்து வரும்னு தோணுது.

குடியாத்தம் எக்ஸ் ஹவில்தார்:

அம்மா, நீங்க தனி அறை வச்சி குறுக்குல போடறது சரி. ஆனா மத்தவங்க இதைப் பாத்துட்டு பையே சுலபம்னு போயிடக்கூடாதுன்னு சொல்றேன். பைன்னா எங்கயாவது கழட்டி வைப்போம், ஓட்டல் நாற்காலில, கல்யாண மண்டபத்துல, பக்கத்து வீட்டுத் திண்ணையில. அதை ஒரு குழந்தை திறக்க ஒரு நிமிஷம் போதும். உடம்போட இருந்தா அந்தக் கவலை கிடையாது. பைதான் வழின்னா உக்காந்தாலும் தோள்ல இருந்து இறக்கவே கூடாது.

கொழிஞ்சாம்பாறை மில்லுக்காரர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்லை. புக்குல கேரளா மட்டும்னுதானுங்க இருக்குது, நாளைக்கே மனு எழுதிர்றேன், பொள்ளாச்சிக்கு எடுத்துட்டுப் போகல. பேர்ணாம்பட்டு தம்பி சொன்ன மாதிரி பட்டைத் தோல்ல பேன்கேக் செய்யச் சொல்லலாம்னு இருக்கறேன், இங்க ஒரு பெரியவரு சேணம் தைக்கறவரு இருக்காருங்க. துப்பாக்கியை அவருகிட்ட குடுத்துட்டு வர முடியாதே, அச்சு எப்படிங்க எடுக்கறது? வேட்டிக்கு ஒரு முடிவு சொல்லுங்க. அப்புறம் வீட்டுக்குள்ள வந்ததும் கழட்டறது எப்படி, வெளியூர்ல பாத்ரூம் போறது எப்படி, இதெல்லாம் யாரும் எழுதறதில்லை.

வாளையார் ஃபைனான்ஸ்:

வேட்டிக்கு நான் பண்றதைச் சொல்றேனுங்க. பச்சை பெல்ட்டு பணத்துக்கு, போனுக்கு. அது மெத்து பட்டை, பவுச்சும் தொள தொளன்னு இருக்கும், அதுல துப்பாக்கி போட்டா ட்ரிகர் மூடாது, சட்டம் சொல்ற உறையாவும் ஆகாது. வேட்டி மேலயே கெட்டி லெதர் பெல்ட்டு, அதுல ஹோல்ஸ்டர், மேல ஜிப்பா மாதிரி இறக்கமான சட்டை, இப்படித்தான். பேன்ட்டு மாதிரி காது இல்லாததால பெல்ட்டு நகரும், அதனால வேட்டி மடிப்பை பெல்ட்டுக்கு மேல ஒரு சுத்து புரட்டி விட்டு இறுக்கிக்கணும். வேட்டியை மடிச்சுக் கட்டறப்ப நுனியை முன்னாடி மட்டும் சொருகணும், வலது பக்கம் சொருகினா துணி ஹோல்ஸ்டர் வாய்க்குள்ள போகும். ஒட்டிக்கோ வேட்டி இதுக்கு தாங்காது. மழைல, விசேஷ வீட்டுல, கூட்டத்துல வேட்டி நிக்காதுன்னு தோணுச்சுன்னா அன்னைக்கு பேன்ட்டு போடுங்க, இல்லைன்னா எடுக்காதீங்க. கோயில், கோர்ட், ஸ்கூல் பக்கம் போற நாள்லயும் எடுக்கவே வேண்டாமுங்க.

குடியாத்தம் எக்ஸ் ஹவில்தார்:

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை உறைல இருந்து உருவி மேஜைல வைக்கிற பழக்கம் வேணாம். பெல்ட்டைத் தளர்த்தி உறையோடயே கழட்டி, நேரா லாக்கர் இருக்கிற அறைக்குப் போயி, கதவைச் சாத்திக்கினு, குழலை பாதுகாப்பான பக்கம் காட்டி தோட்டாவை எடுத்து, துப்பாக்கி ஒரு பூட்டுல தோட்டா ஒரு பூட்டுல. தினமும் ஒரே இடம் ஒரே வரிசை. பசங்க தூங்கிட்டாங்கன்னு ஒரு நாள் கூட மாத்தாதீங்க. பூட்டு சாவி உங்க கிட்ட.

பாத்ரூம்ல உறையை விட்டு துப்பாக்கியை எடுக்கவே கூடாது, ஆணியில மாட்டறது, தண்ணித் தொட்டி மேல வைக்கிறது எல்லாம் மறந்துட்டு வர்றதுக்கு வழி. பெல்ட்டைத் திறந்தா வெயிட்டுல பேன்ட் கீழ போகும், முட்டிக்கு மேலயே பக்கிளை திரும்ப மாட்டி, கை எட்டற இடத்துல உறையோட புடிச்சிக்கினு உக்காருங்க. பக்கத்து அறைக்காரன் கீழ சந்துல பாக்கற அளவுக்கு இறக்காதீங்க.

திருப்பி உறைல வைக்கறப்ப அவசரமே கிடையாது. சட்டையை இடது கையால நல்லா தூக்கிப் புடிச்சி, உறை வாயை கண்ணால பாத்து, விரல் ட்ரிகரை விட்டு வெளிய நீட்டி, மெதுவா. சட்டை நுனி ட்ரிகர் கார்டுக்குள்ள மாட்டி அழுத்துனா துப்பாக்கி வெடிக்கும், உறைல போடறப்ப நடக்கற விபத்துக்கு இதுவும் ஒரு காரணம். புது உறை வந்ததும் தோட்டா இல்லாம, ரெண்டு தடவை திறந்து பாத்துட்டு, வீட்ல தனியா பழகுங்க. பழகாத உறையோட வெளிய போகாதீங்க.

பேர்ணாம்பட்டு தோல் பட்டறை:

அண்ணே, துப்பாக்கியை யாருகிட்டயும் கொடுத்துட்டு வரவே கூடாது, சட்டப்படியும் தப்பு. பெரியவரை உங்க வீட்டுக்குக் கூப்பிட்டுக்கோங்க. தோட்டா இல்லாத துப்பாக்கியை காகிதத்துல வச்சு ரெண்டு பக்கமும் கோடு போட்டு, சிலிண்டர் தடிமனை அளவெடுத்துட்டு அவர் போகட்டும். தச்சு முடிச்சதும் நனைச்சு அச்சு எடுக்கிற வேலையை உங்க கண்ணு முன்னாடி பண்ணச் சொல்லுங்க. துப்பாக்கிக்கு எண்ணெய் தடவி ரெண்டு சுத்து மெலிசு பிளாஸ்டிக் தாள் சுத்தி உள்ள விட்டு, விரலாலயும் மழுங்கின கட்டையாலயும் சிலிண்டர் பக்கமும் ட்ரிகர் கார்டு பக்கமும் அமுத்தி, அப்புறம் துப்பாக்கியை எடுத்துட்டு நெழல்ல காய விடணும். வெயில்ல வச்சா, அடுப்பு பக்கம் வச்சா சுருங்கி வெடிப்பு வரும். முதல்ல ரொம்ப இறுக்கமாத்தான் இருக்கும், உருவ முடியலையேனு எண்ணெய் ஊத்தாதீங்க, தோலு மெத்துனு ஆயிட்டா திரும்ப கெட்டியாகாது. பிளாஸ்டிக் சுத்தின காலி துப்பாக்கியை ஒரு ராத்திரி லாக்கருக்குள்ள அந்த உறையிலயே வச்சா தளரும்.

ஆனா வழக்கமா துப்பாக்கியை உறையிலயே வச்சு பூட்டாதீங்க, தோலு ஈரம் இழுக்கும், உங்க பாலக்காட்டு மழைக்கு ரெண்டு வாரத்துல புள்ளி புள்ளியா துரு தெரியும். துப்பாக்கியை தொடச்சு எண்ணெய் காட்டி தனியா வைங்க, கூட ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். தோலு மேல பூசணம் வந்தா காஞ்ச துணியால தொடச்சு காத்துல வச்சா போதும், நிறமில்லாத மெழுகு பாலிஷ் வெளிப்பக்கம் மட்டும். தவுட்டுத் தூசிக்கு பெயின்ட் பிரஷ் ஒண்ணு வச்சு உறை உள்ள வாரம் ஒரு தடவை தட்டி விடுங்க.